பசியை மறக்காத பத்தாம் நம்பர்

ஏழைப் பிள்ளையாக வளர்ந்து, பெரிய ஆட்டக்காரராகி, ஊருக்குக் கொடுத்தவர்கள் கால்பந்தில் நிறைய பேர். மார்கஸ் ராஷ்ஃபோர்டு அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். அவர் கொடுத்ததைவிட, அரசாங்கத்திடம் கேட்டுப் பெற்றதுதான் அதிகம்.

2020 அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை இரவு. பாரிஸில் பி.எஸ்.ஜி அணிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். 1-1 என்று டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 87-ஆவது நிமிடத்தில் பெனால்டி பாக்ஸ் விளிம்பில் பந்தை வாங்கிய ராஷ்ஃபோர்டு, தரையோடு தரையாக ஒரு ஷாட் விட்டார். பந்து வலைக்குள் போனது, யுனைடெட் ஜெயித்தது.

மறுநாள் லண்டனில் வேறொரு ஆட்டம். விடுமுறை நாட்களிலும் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசச் சாப்பாடு தர வேண்டும் என்று ராஷ்ஃபோர்டு எழுப்பிய கோரிக்கையை அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர், தீர்மானமாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஆதரவாக 261 ஓட்டு, எதிராக 322. தீர்மானம் தோற்றது.

இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு ஃபார்வர்டின் பெயர், ஒரே வாரத்தில் விளையாட்டுப் பக்கத்திலும் அரசியல் பக்கத்திலும் தலைப்புச் செய்தியானது. அடுத்த 18 நாட்களில் பிரிட்டன் பிரதமர் அவருக்கு போன் போட்டு, கேட்டதைத் தருகிறோம் என்று சொல்ல வேண்டி வந்தது. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள மான்செஸ்டரின் தெற்குக் கோடிக்குப் போக வேண்டும்.

ஏழு நாளுக்கு ஏழு யோகர்ட்

விதன்ஷா. மான்செஸ்டரின் தெற்கில், நகராட்சி கட்டிக்கொடுத்த வீடுகள் நிறைந்த, உழைக்கும் மக்கள் வாழும் பெரிய குடியிருப்பு. 1997 அக்டோபர் 31 அன்று பிறந்த ராஷ்ஃபோர்டு வளர்ந்தது இங்கேதான். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா மெலனி மேனார்டு தனி ஆளாகக் குடும்பத்தைத் தாங்கினார். பந்தயம் கட்டும் கடையொன்றில் கேஷியர் வேலை. அது போதாமல் வேறு இடங்களிலும் வேலை. ஒரு கட்டத்தில் மூன்று வேலைகள். எல்லாமே சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்குத்தான்.

வாரச் சாமான் வாங்க அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு என்று விற்கும் கடைக்குப் போவார். அங்கேயே வாரம் முழுவதுக்கும் கணக்குப் போட்டு விடுவார்கள். ஏழு யோகர்ட் கப் வாங்கினால் நாளைக்கு ஒன்று. திங்கட்கிழமை இரண்டாகச் சாப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இந்தக் கணக்கைப் பின்னாளில் ராஷ்ஃபோர்டே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வீட்டில் ரொட்டிகூட இல்லாத நாட்கள் உண்டு என்று அம்மாவும் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுப்பு எரியாத நாளில் பையன் என்ன செய்வான்? நிலைமை தெரிந்த நண்பன் வீட்டுக்குப் போவான். அங்கே எதையும் விசாரிக்காமல் ஒரு தட்டு வைப்பார்கள். காலையில் பள்ளியில் நடக்கும் காலை உணவு கிளப். மதியம் பள்ளியில் இலவசச் சாப்பாடு. சாயங்காலம் மைதானம், அம்மா வேலையில் இருப்பதால் கூட்டிப்போவதும் கொண்டுவந்து விடுவதும் பயிற்சியாளர்கள். ஒரு குழந்தையின் ஒரு நாள் இப்படி நாலைந்து பேரின் கைமாறி நகர்ந்தது. அதில் ஒரு கை விலகினாலும் அன்றைக்கு ஒரு வேளை போய்விடும்.

ஐந்து வயதில் ஃபிளெட்சர் மாஸ் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர் சிறுவர் கிளப்பில் சேர்ந்தார். ஏழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி கூப்பிட்டது. அகாடமியில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்து விளையாடவைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு உரிய வயது வரும் முன்பே, பதினோரு வயதிலேயே தன் மகனை எடுத்துக்கொள்ளச் சொல்லி மெலனி மன்றாடினார். அங்கே போனால் வேளாவேளைக்குச் சாப்பாடும் படுக்கையும் நிச்சயம் என்பது அவர் கணக்கு. கிளப் சம்மதித்தது. அந்தத் திட்டத்தில் அதுவரை சேர்ந்தவர்களிலேயே சிறியவன் ராஷ்ஃபோர்டு.

வெற்றிக் கதைகளில் இந்தக் கட்டம் 'மகனின் திறமையை அறிந்த தாய்' என்று வரும். இங்கே நடந்ததை அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது. கடைசிப் பிள்ளை பசியில்லாமல் வளர வேண்டும் என்பதற்காகவே ஒரு தாய் அவனைச் சீக்கிரமாக வீட்டைவிட்டு அனுப்பினார்.

வார்ம்-அப்பில் கிடைத்த வாய்ப்பு

2016 பிப்ரவரி 25. ஐரோப்பா லீக்கில் டென்மார்க்கின் மித்யூலன் அணியோடு ஓல்ட் டிராஃபோர்டில் ஆட்டம். அணியில் காயக்காரர்கள் வரிசை கட்டியிருந்த நேரம். ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் ஆந்தனி மார்ஷியாலும் அடிபட, பதினெட்டு வயது ராஷ்ஃபோர்டைக் களத்தில் இறக்கினார்கள். இரண்டு கோல். யுனைடெட் 5-1 என்று ஜெயித்தது.

மூன்று நாள் கழித்து பிரீமியர் லீக்கில் அர்செனலோடு முதல் ஆட்டம். அதிலும் இரண்டு கோல். யுனைடெட் 3-2 என்று வென்றது. அடுத்த மாதம் பரம எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் வெற்றி கோல். மே மாதம் இங்கிலாந்து அணிக்காக ஆஸ்திரேலியாவோடு முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்தில் கோல். எந்தப் போட்டியில் முதன்முதலாக இறக்கினாலும் கோல் அடிப்பவர் என்று பேராகிவிட்டது.

2018-இல் யுனைடெட்டின் 10-ஆம் எண் சட்டை அவருக்கு வந்தது. வெய்ன் ரூனி அணிந்திருந்த எண். 2019 மார்ச்சில் பாரிஸில் பி.எஸ்.ஜி-யோடு சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட். கூடுதல் நிமிடங்களில் பெனால்டி. மோதுவது ஜான்லூயிஜி பஃபோன் என்ற ஜாம்பவான் கோல்கீப்பரோடு. அதற்கு முன் யுனைடெட் சீனியர் அணிக்காக ஒரு பெனால்டிகூட எடுக்காதவர், ஓடி வந்து மேல் மூலையில் அடித்தார். அணி அடுத்த சுற்றுக்குப் போனது.

இதுவரை வந்தது எல்லா ஸ்டார்களுக்கும் எழுதக்கூடிய கதை. 2020 ஜனவரியில் முதுகெலும்பில் விழுந்த விரிசல்தான் ராஷ்ஃபோர்டின் கதையை வேறு பாதையில் திருப்பியது.

பூட்டிய பள்ளி, மூடிய தட்டு

முதுகு குணமாக வீட்டில் இருந்தபோது கொரோனா வந்தது. மார்ச்சில் பிரிட்டனில் பள்ளிகளைப் பூட்டினார்கள். பாடம் போகிறதே என்று நாடு கவலைப்பட்டது. ராஷ்ஃபோர்டுக்கு முதலில் தோன்றியது வேறு: இந்தப் பிள்ளைகள் மதியம் எங்கே சாப்பிடுவார்கள்?

இங்கே பிரிட்டிஷ் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மூர் சத்துணவுக்கு அரசுப் பள்ளியில் படித்தால் போதும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டும் 2014 முதல் எல்லோருக்கும் சாப்பாடு இலவசம். அதற்கு மேல் வருமானச் சோதனை உண்டு. 'யூனிவர்சல் கிரெடிட்' என்ற அரசு உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தாலும், வேலை செய்து வரும் வருமானம் வருடத்துக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் அப்போது பிள்ளைக்கு இலவசத் தட்டு கிடையாது. மெலனியைப் போல ஓடி ஓடி உழைக்கிற பெற்றோர்தான் இந்த வரம்பில் மாட்டிக்கொண்டார்கள். கூடுதலாக ஒரு ஷிப்ட் பார்த்தால் பிள்ளையின் சாப்பாடு போய்விடும்.

அந்த ஆண்டு இந்தச் சோதனையில் தேறிய பிள்ளைகள் சுமார் 13 லட்சம். பள்ளி பூட்டியதும் அவர்களுக்கு வாரம் 15 பவுண்டுக்கு வவுச்சர் தர அரசு ஏற்பாடு செய்தது.

ராஷ்ஃபோர்டு 'ஃபேர்ஷேர்' என்ற தொண்டு அமைப்போடு கைகோத்தார். சூப்பர் மார்க்கெட்டுகளிலும் உணவு நிறுவனங்களிலும் மிஞ்சும் நல்ல உணவைச் சேகரித்து, பள்ளி காலை உணவு கிளப்புகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் விநியோகிக்கும் அமைப்பு அது. ஆரம்பத்தில் 1 லட்சம் பவுண்டு திரட்டலாம் என்று நினைத்தார்கள். அவர் பேசப் பேச நன்கொடை குவிந்தது. ஜூன் மாதத்துக்குள் பணமும் பொருளுமாகச் சுமார் 2 கோடி பவுண்டு.

ஒரு ஆட்டக்காரர் ஊருக்குச் செய்தார் என்று எழுதி முடிக்க இதுவே போதும். அவருக்குப் போதவில்லை. ஜூலை நடுவில் பள்ளிக்குக் கோடை விடுமுறை; அத்தோடு வவுச்சர் நின்றுவிடும் என்று அரசு சொல்லியிருந்தது. ஆறு வாரம் 13 லட்சம் பிள்ளைகளுக்கு நன்கொடையில் சோறு போட எந்த ஸ்டாராலும் முடியாது. அரசாங்கத்தால் முடியும்.

ஒரு கடிதம், ஒரு பல்டி

2020 ஜூன் 15. எல்லா எம்.பி-க்களுக்கும் ராஷ்ஃபோர்டு எழுதிய பகிரங்கக் கடிதம் வெளியானது. தன் வீட்டுக் கதையைத்தான் எழுதியிருந்தார். அம்மா முழுநேரமும் உழைத்தார், ஆனாலும் அது போதவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் எவ்வளவு உழைத்தாலும் முன்னேறுகிற மாதிரி இந்த அமைப்பு கட்டப்படவில்லை. காலை உணவு கிளப்பும் பள்ளிச் சாப்பாடும் அக்கம்பக்கத்தாரும் பயிற்சியாளர்களும்தான் என்னைக் கரையேற்றினார்கள். பத்து வருடம் முன்பு நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். முடிவை மாற்றுங்கள்.

கடிதத்தில் ஓர் இடத்தில்கூட அனுதாபம் கேட்கவில்லை. பொதுவாகப் பிரபலங்கள் தங்கள் ஏழ்மையைச் சொல்வது, அதிலிருந்து எப்படி ஏறி வந்தோம் என்று காட்டத்தான். ராஷ்ஃபோர்டு அதை சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வதுபோலச் சொன்னார். 'என்னைப் பார், நீயும் ஜெயிக்கலாம்' என்ற தொனி அதில் இல்லை. எனக்குக் கிடைத்த அந்தத் தட்டு அரசாங்கத் திட்டத்தில் வந்தது, அதை எடுத்துவிடாதீர்கள் என்றுதான் இருந்தது.

முதல் நாள் அரசு மறுத்தது. மறுநாள் காலை ராஷ்ஃபோர்டு ட்விட்டரில் உட்கார்ந்தார். நீங்கள் காலையில் ஷவரைத் திருகும்போது, தண்ணீர் துண்டிக்கப்பட்ட வீட்டில் இருக்கும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள் என்று ஒரு பதிவு. பணி மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சர் தெரீஸ் காஃபி அதற்குக் கீழே வந்து, தண்ணீரையெல்லாம் துண்டிக்க முடியாது என்று திருத்தினார். ஜனங்கள் அமைச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் அரசு அடித்தது அந்தர் பல்டி. கோடை ஆறு வாரத்துக்கும் வவுச்சர் உண்டு. ஒரு பிள்ளைக்கு 90 பவுண்டு. மொத்தம் சுமார் 12 கோடி பவுண்டு. பிரதமர் போரிஸ் ஜான்சன் ராஷ்ஃபோர்டோடு பேசி வாழ்த்தினார்.

செப்டம்பரில் ராஷ்ஃபோர்டு அடுத்த அடி வைத்தார். டெஸ்கோ, ஆல்டி, லிடில், வெயிட்ரோஸ் போன்ற கடைக்காரர்களையும் 'ஃபுட் ஃபவுண்டேஷன்', ஃபேர்ஷேர் போன்ற அமைப்புகளையும் சேர்த்து, குழந்தைகளின் உணவு வறுமைக்கென ஒரு பணிக்குழு அமைத்தார். சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருப்பவர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அரசு நியமித்த வல்லுநர் ஹென்றி டிம்பிள்பி தயாரித்த தேசிய உணவுத் திட்ட அறிக்கையிலிருந்து மூன்று பரிந்துரைகளை எடுத்து, இவற்றுக்கு உடனே பணம் ஒதுக்குங்கள் என்றார்கள்.

கேட்டவை மூன்று

1. யூனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், பள்ளியில் இலவச உணவு. கூடுதலாகப் பயன்பெறுவோர் சுமார் 15 லட்சம்.

2. விடுமுறை நாட்களில் உணவும் விளையாட்டும் தரும் முகாம்கள் நாடு முழுக்க. கூடுதலாகச் சுமார் 11 லட்சம் பிள்ளைகள்.

3. ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் பால், பழம், காய் வாங்கத் தரும் 'ஹெல்த்தி ஸ்டார்ட்' வவுச்சரை வாரம் 3.10 பவுண்டிலிருந்து 4.25 பவுண்டாக உயர்த்துவது.

தோற்ற இரவுக்குப் பின்

அக்டோபர் 21 வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது இந்தப் பின்னணியில்தான். அரசுத் தரப்பில் வாதம் இல்லாமல் இல்லை. உதவித்தொகையை வாரம் 20 பவுண்டு கூட்டியிருக்கிறோம், உள்ளாட்சிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம், பள்ளி நடக்காத நாளில் பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது பள்ளியின் வேலையா என்று கேட்டார்கள். பெற்றோரின் பொறுப்பை அரசு ஏற்கக் கூடாது என்று ஆளுங்கட்சியில் சிலர் பேசினார்கள். அதே கட்சியின் ஐந்து பேர் மட்டும் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் கேரலைன் ஆன்செல் என்ற எம்.பி அரசில் வகித்த உதவிப் பொறுப்பையும் ராஜினாமா செய்தார்.

அடுத்த வாரம் பள்ளிகளுக்குப் பருவ நடுவிடுமுறை. வாக்கெடுப்பு முடிந்ததும் ஒரு காஃபி கடைக்காரர், ஒரு மீன்-வறுவல் கடைக்காரர், ஒரு சின்ன ஓட்டல் என்று ஒவ்வொருவராக ட்விட்டரில் எழுதத் தொடங்கினார்கள்: எங்கள் கடைக்கு வாருங்கள், பிள்ளைக்கு மதியச் சாப்பாடு இலவசம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். கொரோனாவில் வியாபாரம் படுத்து, தாங்களே தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த கடைகள் அவை. ராஷ்ஃபோர்டு ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார். மணிக்கணக்கில் வேறு வேலை இல்லை. கீழே கீழே தள்ளிக்கொண்டு போனால் பட்டியல் முடியவே இல்லை. நகராட்சிகளும் சேர்ந்தன, ஆளுங்கட்சி நடத்தும் நகராட்சிகளும் அதில் இருந்தன.

அரசுக்கு இது நேரடி வசையைவிட வலித்திருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம். முட்டைப் பொரியலும் சிப்ஸும் இலவசமாகக் கொடுக்கும் கடைக்காரரை என்ன சொல்ல முடியும்? எம்.பி-க்களை யாரும் வசைபாட வேண்டாம் என்று ராஷ்ஃபோர்டு தன் ஆதரவாளர்களையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கம், அவர் தொடங்கிய நாடாளுமன்ற மனுவில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின.

அதே வாரம், அக்டோபர் 28-ஆம் தேதி, ஜெர்மனியின் லைப்ஸிக் அணியோடு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக 63-ஆவது நிமிடத்தில் இறங்கிய ராஷ்ஃபோர்டு ஹாட்ரிக் அடித்தார். 'அரசியல் பேசப் போனால் ஆட்டம் போய்விடும்' என்று சொன்னவர்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள்.

நவம்பர் 7, சனிக்கிழமை. எவர்ட்டனை யுனைடெட் 3-1 என்று ஜெயித்த நாள். அன்று இரவு பிரதமர் ஜான்சன் போனில் வந்தார். குளிர்காலத்தில் ஏழைக் குடும்பங்களின் உணவுக்கும் கட்டணங்களுக்கும் 17 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டு விடுமுறை முகாம்களுக்கு 22 கோடி பவுண்டு வரை. ஹெல்த்தி ஸ்டார்ட் வவுச்சர் ஏப்ரல் முதல் 4.25 பவுண்டு. மூன்று கோரிக்கையில் இரண்டு நிறைவேறின. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது பல்டி.

அறிவித்தால் ஆயிற்றா? 2021 ஜனவரியில் பள்ளிகளை மறுபடி பூட்டியபோது, வவுச்சருக்குப் பதில் பல இடங்களில் உணவுப் பை கொடுத்தார்கள். தனக்கு வந்த பையின் சாமான்களை ஒரு தாய் தரையில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டார். ஒரு ரொட்டிப் பாக்கெட், கொஞ்சம் உருளைக்கிழங்கு, கேரட், வாழைப்பழம், ஆப்பிள், ஒரு டின் பீன்ஸ், சில சீஸ் துண்டுகள். 30 பவுண்டு மதிப்பில் வரும் என்று அவர் எதிர்பார்த்த பை. கடை விலைப்படி கூட்டினால் 5 பவுண்டு சொச்சம்தான் என்றார். அனுப்பிய நிறுவனம் அது ஐந்து நாளுக்கான 10.50 பவுண்டுப் பை என்று விளக்கம் சொல்லி, மன்னிப்பும் கேட்டது. ராஷ்ஃபோர்டு மறுபடி போனை எடுத்தார். அரசும் வவுச்சர் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது.

அன்பும் நஞ்சும்

விருதுகள் வரிசையாக வந்தன. 2020 அக்டோபரில் பிரிட்டனின் எம்.பி.இ பட்டம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். அதுவரை அதைப் பெற்றவர்களிலேயே வயதில் சிறியவர். ஃபேர்ஷேர் மான்செஸ்டரில் திறந்த புதிய கிடங்குக்கு மகனின் பெயரை வைக்கவில்லை. 'மெலனி மேனார்டு ஹவுஸ்' என்று அம்மாவின் பெயரை வைத்தார்கள். பதினேழு வயதுவரை புத்தகம் வாசித்ததில்லை, வீட்டுப் பணம் சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது என்று சொன்ன ராஷ்ஃபோர்டு, மேக்மில்லன் பதிப்பகத்தோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகம் போகும்படி வாசிப்பு கிளப் தொடங்கினார். சமையல்காரர் டாம் கெரிட்ஜோடு சேர்ந்து, குறைந்த செலவில், சாதாரண அடுப்பிலேயே செய்யக்கூடிய 52 சமையல் குறிப்புகளை வெளியிட்டார்.

பிறகு 2021 ஜூலை 11. வெம்ப்ளியில் யூரோ இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் இத்தாலியும். 1-1. பெனால்டி எடுப்பதற்காகவே கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ராஷ்ஃபோர்டை இறக்கினார்கள். அவர் அடித்த பந்து போஸ்ட்டில் மோதித் திரும்பியது. ஜேடன் சாஞ்சோவும் புகாயோ சாகாவும் தவறவிட்டார்கள். இங்கிலாந்து தோற்றது. தவறவிட்ட மூவரும் கறுப்பர்கள். இரவோடு இரவாகச் சமூக வலைதளங்களில் இனவெறி கொட்டியது.

மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் காஃபி கடையொன்றின் சுவரில் தெரு ஓவியர் ஆக்ஸ் வரைந்த ராஷ்ஃபோர்டின் பெரிய முகம் இருக்கிறது. அன்று இரவே யாரோ அதைக் கிறுக்கி நாசம் செய்தார்கள். விடிந்ததும் ஊர்க்காரர்கள் கிறுக்கலின் மேல் காகித இதயங்களையும் கொடிகளையும் கடிதங்களையும் ஒட்டத் தொடங்கினார்கள். எழுத்துக்கூட்டி எழுதிய குழந்தைகளின் கடிதங்கள் அதில் ஏராளம். கொஞ்ச நேரத்தில் கிறுக்கல் கண்ணுக்கே தெரியவில்லை.

ராஷ்ஃபோர்டு தன் அறிக்கையில், பெனால்டியை இன்னும் நன்றாக அடித்திருக்க வேண்டும், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். ஆனால் நான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றும் எழுதினார்.

அரசியலை விட்டுவிட்டு ஆட்டத்தைக் கவனித்திருக்கலாமே என்று ஆளுங்கட்சியின் ஒரு பெண் எம்.பி தனிப்பட்ட குழுவில் எழுதியது வெளியே கசிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த எண்ணம் அவரோடு முடியவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் ராஷ்ஃபோர்டு ஒவ்வொரு கோல் வாய்ப்பைத் தவறவிட்டபோதும் அது தலைதூக்கியது.

ஏற்றமும் இறக்கமும்

அந்த எண்ணம் தலைதூக்க வாய்ப்புகளும் இருந்தன. 2021-22 சீசனில் தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் மொத்தமே 5 கோல். அடுத்த சீசனில் 30 கோல், உலகக்கோப்பையில் மூன்று. அதற்கு அடுத்த சீசனில் 8. பயிற்சிக்கு வராதது, இரவு விடுதி என்று செய்திகள் வந்தன, கிளப்பும் கண்டித்தது. 2024 டிசம்பரில் புதிய பயிற்சியாளர் ரூபன் அமோரிம், சிட்டியோடு மோதும் ஆட்டத்துக்கான அணியிலிருந்தே அவரை நீக்கினார். புதிய சவாலுக்குத் தயார் என்று ராஷ்ஃபோர்டு வெளிப்படையாகச் சொல்ல, ஏழு வயதில் நுழைந்த கிளப்போடு உறவு முறிந்தது. 426 ஆட்டம், 138 கோல். 2025 பிப்ரவரியில் லோன் முறையில் ஆஸ்டன் வில்லாவுக்கும், ஜூலையில் பார்சிலோனாவுக்கும் போனார். செப்டம்பரில் நியூகாசிலில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் பார்சிலோனாவுக்காக இரண்டு கோல் அடித்து, இங்கிலாந்து மண்ணிலேயே தன் பெயரை நினைவூட்டினார்.

இந்தச் சரிவை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நல்ல காரியம் செய்தவர் ஒழுங்கு தவறாத ஆட்டக்காரராகவும் இருந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ரசிகர்களுக்கு உண்டு. ஆனால் பசித்த பிள்ளைக்காக ஒருவர் பேசுவது சரியா என்பதை அவர் அடிக்கும் கோலை வைத்து எப்படி எடைபோடுவது? 30 கோல் அடித்த வருடமும் 5 கோல் அடித்த வருடமும் மதியம் பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளுக்குப் பசிக்கத்தான் செய்தது.

பாக்கி இருந்த ஒன்று

மூன்று கோரிக்கையில் முதலாவது மட்டும் கிடப்பில் கிடந்தது. ஜான்சன் போனார், அவருக்குப் பின் வந்த இருவரும் போனார்கள், ஆட்சியே மாறியது. ஆசிரியர் சங்கங்களும் குழந்தை வறுமைக்கு எதிரான அமைப்புகளும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. 2025 ஜூனில் லேபர் அரசு அறிவித்தது: 2026 செப்டம்பர் முதல், இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் பள்ளியில் இலவச உணவு. 7,400 பவுண்டு வரம்பு இனி இல்லை. புதிதாகப் பயன்பெறுவோர் 5 லட்சத்துக்கும் மேல் என்பது அரசின் கணக்கு.

இதை ராஷ்ஃபோர்டின் தனி வெற்றி என்று எழுதினால் அது பொய். அவருக்கு முன்பும் பலர் கேட்டார்கள். அவர் மௌனமான பிறகும் கேட்டார்கள். அவர் செய்தது, வல்லுநர் அறிக்கையில் ஒரு பரிந்துரையாகத் தூங்கிக்கொண்டிருந்ததை டீக்கடைப் பேச்சாக மாற்றியது. வறுமை பற்றிய விவாதத்தில் ஏழைகள் பேசும்போது யாரும் காது கொடுப்பதில்லை. பிரபலமான பின்னும் அந்த இடத்திலிருந்தே பேசிய ஒருவரை நாடு கேட்க வேண்டியதாயிற்று.

தர்மமாகக் கொடுக்கப்படும் சோற்றுக்குக் கொடுத்தவரின் பெயர் தேவைப்படுகிறது. அவர் மனசு மாறினால் சோறும் நிற்கும். ராஷ்ஃபோர்டு கேட்டது அப்படிப்பட்ட சோற்றை அல்ல. யார் ஜெயித்தாலும் தோற்றாலும், எந்த ஸ்டார் ஃபார்மில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டப்படி வரிசையில் நின்று வாங்கும் தட்டு. 2026 செப்டம்பரில் அந்த வரிசையில் புதிதாக நிற்கப்போகும் பிள்ளைகளில் பலருக்கு, 2020-இல் பள்ளி வயதே ஆகியிருக்காது. ராஷ்ஃபோர்டு யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.